உரியவர் கேட்காத சந்தா

2016 ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இணையக் குற்றங்களைத் துப்புத் துலக்கி எழுதும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் இன்பாக்ஸில் சந்தா மின்னஞ்சல்கள் வந்து விழத் தொடங்கின. இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று என்ற வேகம். அவற்றில் எதையும் அவர் கேட்டிருக்கவில்லை. அதே வார இறுதியில் அரசு அலுவலர்களின் முகவரிகள் பலவும் இதே வெள்ளத்தில் மூழ்கின. அந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். ஒழுங்காகத் தொழில் செய்கிற கடைகள், தொண்டு அமைப்புகள், பத்திரிகைகள். அவர்கள் எல்லோருடைய இணையதளத்திலும் 'உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தாருங்கள்' என்று ஒரு பெட்டி திறந்து கிடந்தது. யாரோ ஒருவர் நிரல் எழுதி, அந்தப் பெட்டிகள் அனைத்திலும் அடுத்தவர் முகவரியை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். முகவரி யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. நன்றி சொல்லி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

செய்திமடல் நடத்துகிறவர்களிடம் போலிச் சந்தாக்களைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் அதைத் தங்களுக்கு நேர்ந்த தொல்லையாகவே சொல்வார்கள். பட்டியல் குப்பையாகிறது, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் சேவைகளுக்குக் கட்டணம் ஏறுகிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கணக்கு பொய்யாகிறது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இதில் முதலில் அடிபடுபவர் நம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார். தன் முகவரி நம்மிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைத் தாக்க யாரோ எடுத்த ஆயுதங்களில் நம் செய்திமடலும் ஒன்று. இதை ஏற்றுக்கொண்டால்தான் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

போலிப் பதிவுகளை அடையாளம் காண்பது கடினமல்ல. சிறுபத்திரிகை நண்பர்களின் பட்டியல்களைப் பார்க்க நேரும்போது ஒரே மாதிரியான தடயங்கள் கண்ணில் படுகின்றன. பின்னிரவில் சில நிமிடங்களுக்குள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்திருப்பார்கள். பெயர்க் கட்டத்தில் உச்சரிக்கவே முடியாத எழுத்துக் கூட்டம் இருக்கும். ஜிமெயில் முகவரிகளில் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்திருக்கும். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கே எத்தனை புள்ளி வைத்தாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் போகும். அதனால் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒருவரையே இருபது சந்தாதாரர்களாகச் சேர்த்துவிடலாம். தமிழ்க் கவிதை இதழ் ஒன்றுக்குத் தமிழே தெரியாத நாடுகளின் நிறுவன முகவரிகள் வரிசையாக வந்து சேர்ந்தால், வாசகர் வட்டம் பெருகுகிறது என்று மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

எதற்காக இதைச் செய்கிறார்கள்? ஒரு காரணம், எந்தப் படிவத்தைக் கண்டாலும் நிரப்பிவிட்டுப் போகும் மந்தமான பாட்கள் (தானியங்கி நிரல்கள்). இவை யாரையும் குறிவைப்பதில்லை. இன்னொரு காரணம் தந்திரமானது. பல செய்திமடல்கள் 'வணக்கம்' என்று எழுதி, பதிவு செய்தவர் பெயரையும் சேர்த்து வரவேற்புக் கடிதம் அனுப்புகின்றன. அந்தப் பெயர்க் கட்டத்தில் 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று எழுதி ஓர் இணைப்பையும் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? நம் பெயரில், நம் சர்வரிலிருந்து, மோசடிக் கடிதம் ஒன்று முன்பின் தெரியாதவருக்குப் போய்ச் சேரும். மோசடிக்காரருக்குத் தபால் செலவுகூட இல்லை.

மூன்றாவது காரணம்தான் கொடியது. ஒருவருடைய வங்கிக் கணக்கையோ, இணையக் கடைக் கணக்கையோ திருடியவர் பணத்தை எடுப்பதற்கு முன் அவருடைய இன்பாக்ஸை மூழ்கடிக்கிறார். 'உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது', 'உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது' என்கிற ஒரே ஒரு எச்சரிக்கை, இரண்டாயிரம் வரவேற்புக் கடிதங்களுக்கு நடுவே புதைந்துபோகும். ஸ்பேம் வடிகட்டிகளும் இங்கே உதவாது. ஒவ்வொரு கடிதமும் உண்மையான நிறுவனம் உண்மையான சர்வரிலிருந்து அனுப்பியது. அதைத் தடுக்க அவற்றுக்குக் காரணமே கிடைக்காது. நல்லவர்களின் நற்பெயர்தான் இந்தத் தாக்குதலின் மூலதனம்.

நம் நாட்டு விதிகளோடு சேர்த்துப் பார்த்தால் இதன் ஆபத்து இன்னும் துலங்கும். அங்கீகாரமில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபர் ஒருவர் பணத்தைச் சுருட்டியிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பில்லை என்றது அது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை அவர் இழப்பைச் சுமக்க வேண்டும். அதற்கும் மேலானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆக, வங்கியின் எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த எச்சரிக்கையைக் கண்ணில் படாமல் செய்வதுதான் போலிச் சந்தா வெள்ளத்தின் நோக்கம். எஸ்எம்எஸ் இருக்கிறதே என்று நிம்மதியடையவும் முடியாது. யாரோ ஒருவரின் கைப்பேசிக்கு நூற்றுக்கணக்கான ஓடிபிகளை வரவழைக்கும் 'எஸ்எம்எஸ் பாம்பர்' செயலிகளைக் கல்லூரி மாணவர்கள்கூட விளையாட்டாகப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் இதே உத்திதான்: அடுத்தவர் எண்ணைப் பல நிறுவனங்களின் படிவங்களில் நிரப்புவது.

2024இல் இந்த உத்தி இன்னொரு படி ஏறியது. 'பிளாக் பாஸ்டா' என்ற கும்பல், கணினிகளைப் பூட்டிவைத்துப் பிணைத்தொகை கேட்பதைத் தொழிலாகக் கொண்டது. உலகெங்கும் 500க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதனால் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. அந்தக் கும்பலோடு தொடர்புடையவர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியரைத் தேர்ந்தெடுத்து, அவர் முகவரியை ஏராளமான செய்திமடல்களில் பதிவு செய்வார்கள். பெட்டி நிரம்பி ஊழியர் தவிக்கும் நேரத்தில் தொலைபேசி வரும்: 'ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் மின்னஞ்சலில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறதே, சரிசெய்து தரட்டுமா?' நொந்துபோயிருக்கும் மனிதர் நன்றியோடு தலையாட்டுவார். விண்டோஸிலேயே இருக்கும் தொலையுதவிச் செயலியான 'குவிக் அசிஸ்ட்' வழியாகத் தன் கணினியை அவரே திறந்துவிடுவார். அதன் பிறகு நிறுவனம் முழுவதும் அவர்கள் கையில். இந்தக் கதையில் கதவைத் திறந்துவிட்டவர் அந்த ஊழியர் மட்டுமல்லர். அவருடைய முகவரியைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு செய்திமடலும்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஆபத்தும் அல்ல இது. மார்கஸ் யாகோப்சன், பிலிப்போ மென்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003லேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் பதிவுப் படிவங்களைத் தேடிப்பிடித்து ஒருவருடைய முகவரியை நிரப்பினால், தடயமே இல்லாத மின்னஞ்சல் குண்டு தயாராகிவிடும் என்று அதில் விளக்கினார்கள். கிரெப்ஸின் பெட்டி நிரம்பியது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

பரிகாரமும் பழையதுதான். படிவத்தில் ஒரு முகவரி வந்ததும் அதைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அந்த முகவரிக்கு ஒரே ஒரு கடிதம் போக வேண்டும்: 'எங்கள் செய்திமடலைக் கேட்டது நீங்கள்தானா? ஆம் என்றால் இங்கே அழுத்துங்கள். இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டாம், இனி எழுத மாட்டோம்.' அழுத்தினால்தான் சந்தா. தெருவில் யாரோ ஒருவர் 'அந்த மாடி வீட்டுக்குத் தினமும் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள்' என்று சொன்னால், பால்காரர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றத் தொடங்குவதில்லை. தொழில்நுட்ப உலகில் இதற்கு இரட்டை ஒப்புதல் என்று பெயர். செய்திமடல் அனுப்பும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும்.

பிறகு ஏன் தட்டுவதில்லை? எண்ணிக்கை குறையும் என்ற பயம். பதிவு செய்கிறவர்களில் கணிசமானவர்கள் அந்த உறுதிக் கடிதத்தைத் திறப்பதில்லை என்பது உண்மை. இந்தக் காரணத்தைக் காட்டித்தான் உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் செய்திமடல் சேவைகளில் ஒன்றான மெயில்சிம்ப், 2017 அக்டோபர் இறுதியில் இரட்டை ஒப்புதலை இயல்பு அமைப்பிலிருந்து எடுத்தது. எதிர்ப்பு எழுந்தது. கடுமையான தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வரவிருந்த ஐரோப்பிய ஒன்றியத்து வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய முறையையே வைத்துக்கொண்டது. கிரெப்ஸ் சம்பவம் நடந்து பதினான்கு மாதங்களில் எடுத்த முடிவு இது. தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். சட்டம் கண்டிக்கும் இடத்தில் மட்டும் கேட்பது, மற்ற இடங்களில் கேட்காமலே அனுப்புவது என்றால், ஒப்புதல் என்பது மரியாதை சார்ந்ததாக இல்லாமல் அபராதக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. உறுதிக் கடிதத்தைக்கூடத் திறக்காத ஒருவர், அடுத்து வரும் ஐம்பது இதழ்களைத் திறந்து படிப்பார் என்று நம்புவதற்கும் ஆதாரமில்லை.

இரட்டை ஒப்புதல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் தளங்கள் ஆளுக்கொரு உறுதிக் கடிதம் அனுப்பினாலும், பாதிக்கப்பட்டவருக்கு ஆயிரம் கடிதங்கள்தான். தினந்தோறும் தொடர்ந்து வராது என்பது ஆறுதல். முதல் நாளின் வெள்ளம் குறையாது. அதனால் பாட்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். உடனே எல்லோரும், மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரான கேப்சாவை நினைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில், யாகூவின் இலவச மின்னஞ்சல் கணக்குகளை இயந்திரங்கள் கூட்டங்கூட்டமாகத் தொடங்குவதைத் தடுக்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் குழுவினர் உருவாக்கியது அது. பத்து ஆண்டுகளில் அதைத் தோற்கடிக்க ஒரு சந்தையே முளைத்துவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2010இல் அந்தச் சந்தையை ஆராய்ந்தார்கள். ஆயிரம் புதிர்களுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் கூலிக்கு மனிதர்களே உட்கார்ந்து தீர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையாட்கள் எந்த நாட்டினர் என்று அறிய, பல மொழிகளில் புதிர் வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. பாட்களைத் தடுக்க எழுப்பிய சுவரை உடைக்கும் வேலை, கூலி மலிவான நாடுகளின் ஏழைகள் தலையில் விழுந்தது. இன்னொரு பக்கம், பார்வையற்ற வாசகர்களைக் கேப்சா வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஒரு சிற்றிதழ் தன் வாசகரைப் பார்த்து 'பேருந்து உள்ள படங்களைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசகருக்குத் தெரியாமலே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்துவிட்டால், மனிதர் அதை நிரப்ப மாட்டார், பாட் நிரப்பிவிடும். நிரம்பியிருந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிடலாம். (திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் அந்தக் கட்டம் தெரியாதபடி மறைக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) பக்கம் திறந்த ஒரே விநாடியில் நிரப்பி அனுப்பப்பட்ட படிவத்தை நம்ப வேண்டியதில்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து மணிக்கு இத்தனை பதிவுகள்தான் என்று வரம்பு கட்டலாம். பெயர்க் கட்டத்தில் இணைப்பு இருந்தால் ஏற்க வேண்டாம். இன்னும் நல்லது, பெயரையே கேட்காமல் இருப்பது. அனுப்பத் தேவை முகவரி மட்டும்தானே.

உறுதிக் கடிதத்தை எழுதுவதிலும் கவனம் வேண்டும். அதில் விளம்பரம் கூடாது, படம் கூடாது, பதிவு செய்தவர் எழுதிய எதையும் திருப்பிக் காட்டக் கூடாது. பதில் வரவில்லை என்று இரண்டாம் முறை நினைவூட்டக் கூடாது. ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள், உள்ளே வரும் கடிதத்தில் இருக்கும் இணைப்புகளைத் தாமே திறந்து சோதிக்கின்றன. இணைப்பைத் திறந்தாலே சந்தா உறுதி என்று வைத்திருந்தால், கடிதத்தைப் பார்க்காதவரும் 'ஒப்புதல்' தந்தவராகிவிடுவார். எனவே இணைப்பு ஒரு பக்கத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஒரு பொத்தானை மனிதர் அழுத்த வேண்டும்.

ஏற்கெனவே குப்பை சேர்ந்துவிட்ட பட்டியலை என்ன செய்வது? வெட்ட வேண்டும். ஐயாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்த எண்ணிக்கை இரண்டாயிரமானால் வலிக்கத்தான் செய்யும். விளம்பரம் தருபவரிடம் சொல்லக் கூசும். ஆனால் அந்தப் போலி முகவரிகள் உண்மையான வாசகர்களின் கடிதத்தையும் சேர்த்துக் கெடுக்கின்றன. பெருமளவில் அனுப்புவோருக்குக் கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் கறாரான நிபந்தனைகள் விதித்திருக்கின்றன. அதில் கூகுள் சொல்லும் எல்லை, கடிதத்தை 'ஸ்பேம்' என்று குறிப்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது. ஆயிரத்தில் மூன்று பேர். கேட்காமல் கடிதம் பெற்ற மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினால், காசு கட்டிச் சந்தா சேர்ந்த 997 பேரின் இதழும் ஸ்பேம் பெட்டிக்குப் போகக்கூடும். சிறிய பட்டியல்களும் தப்புவதில்லை. அனுப்புநரின் நற்பெயரை எல்லாருக்குமே எடைபோடுகிறார்கள். ஒரு சின்ன இதழின் ஆசிரியர் மாதம் முழுக்க உழைத்து அனுப்பும் கட்டுரை வாசகர் கண்ணில் படாமலே அழுகுவதற்கு, அவர் நீக்கத் தயங்கிய போலிப் பெயர்களே காரணமாகின்றன.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்காவில் 2003இல் வந்த ஸ்பேம் தடுப்புச் சட்டம், முன் ஒப்புதல் இல்லாமலே வணிகக் கடிதம் அனுப்ப அனுமதிக்கிறது; விலக வழி வைத்தால் போதும். கனடா 2014இல் அமலுக்குக் கொண்டுவந்த சட்டம் நேர்மாறானது: ஒப்புதல் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அனுப்பியவருடையது. ஜெர்மனியின் நீதிமன்றங்கள் இன்னும் நுட்பமாகப் போயிருக்கின்றன. உறுதி கேட்டு அனுப்பும் கடிதமே அனுமதியற்ற விளம்பரம்தான் என்று மியூனிக் மேல்நிலை நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. டுசல்டோர்ஃப் மேல்நிலை நீதிமன்றம் 2016இல் அதற்கு மாறான நிலை எடுத்தது. முறைகேட்டைத் தடுக்கத்தானே அந்தக் கடிதம், அதை விளம்பரமாகக் கருத முடியாது என்ற இரண்டாவது பார்வையே நியாயமானது.

இந்தியாவில் தேவையற்ற மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொந்தரவு தரும் நோக்கிலோ அனுப்பியவர் யார் என்பதை மறைத்தோ மின்னஞ்சல் அனுப்புவதைக் குற்றமாக்கும் உட்பிரிவு ஒன்று இருந்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு முழுவதையும் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை யாரும் நிரப்பவில்லை. தொலைபேசித் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் 1909 என்ற எண்ணும் இருக்கின்றன. மின்னஞ்சல் தொல்லைக்குப் புகார் சொல்ல அப்படி ஓர் எண் கிடையாது.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒப்புதல் என்பது ஐயத்துக்கு இடமில்லாத, தெளிவான செயலின் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது. வழக்கு என்று வந்தால், ஒப்புதல் பெறப்பட்டதை நிரூபிக்க வேண்டியது தரவை வைத்திருப்பவரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அவகாசம் தரப்பட்டிருக்கிறது. படிவத்தில் யாரோ ஒருவர் தட்டிய முகவரி, அந்த முகவரிக்காரரின் ஒப்புதலுக்குச் சான்றாகாது. அவருடைய பெட்டிக்குப் போன கடிதத்திலிருந்து அவர் அளித்த பதில்தான் சான்று. இதை அந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் ஒரு வழிகாட்டுதலாக வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். செய்திமடல் சேவை விற்கும் நிறுவனங்கள் இந்திய வாடிக்கையாளர்களுக்கு இரட்டை ஒப்புதலை இயல்பு அமைப்பாகவே தர வேண்டும்.

இனி, இந்த வெள்ளத்தில் சிக்குகிறவர்களுக்கு: உங்கள் இன்பாக்ஸ் திடீரென்று நிரம்பத் தொடங்கினால் கடிதங்களை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். வங்கியின் பெயரையும் நீங்கள் பொருள் வாங்கும் கடைகளின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உதவுவதாகச் சொல்லி வரும் அழைப்பை நம்பாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

பழைய மாணவர் சங்கமோ, கோயில் கமிட்டியோ, இலக்கிய இதழோ, ஊருக்கு நாலு புத்தகம் விற்கும் பதிப்பகமோ, எதற்காகச் செய்திமடல் நடத்தினாலும் சரி: இன்று உங்கள் படிவத்தை நீங்களே திறந்து, உங்கள் வீட்டில் இன்னொருவரின் முகவரியை அவர் சம்மதத்தோடு நிரப்பிப் பாருங்கள். அவரிடம் கேட்காமலே இதழ் போய்ச் சேர்ந்தால், அந்தப் படிவத்தை இன்றிரவே மூடிவிட்டு, சரிசெய்த பிறகு திறங்கள்.